போனைப் பிடுங்குவதற்கு முன்: ஜப்பானிய வழியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜப்பானியக் குழந்தை வளர்ப்பு என்றதும் பலருக்கு நினைவில் வருவது, போனைத் தொடாமல் கைகட்டி உட்கார்ந்திருக்கும் ஒரு குழந்தை. முதல் தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. வீடியோ கேமை உலகத்துக்கே விற்ற நாடு அது. அங்கேயும் பெற்றோர் திணறிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ககாவா மாகாணத்தில் 2020 ஏப்ரலில் இதற்கென்று ஒரு சட்டமே வந்தது: 18 வயதுக்கு உட்பட்டவர்கள் பள்ளி நாளில் 60 நிமிடம், விடுமுறை நாளில் 90 நிமிடம் கேம் ஆடலாம். மீறினால் தண்டனை எதுவும் கிடையாது. பார்த்துக்கொள்ள வேண்டியது வீடுதான். அந்த எண்களை மட்டும் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிவைத்தால் ஒன்றும் மாறாது.

அடுத்தது எல்லோரும் செய்வது, நானும் செய்தது: சட்டென்று பிடுங்குவது. வீடியோவில் கரடிக்குட்டி வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்கும். மூன்று வயதுப் பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும். "போதும், குளிக்க வா" என்று போன் பறிபோகும். வீடே அதிரும் அழுகை. அப்புறம் சமாதானத்துக்கு அதே போன். அழுதால் திரும்பக் கிடைக்கும் என்பதைத் தவிர அந்தப் பிள்ளை வேறென்ன கற்றிருக்கும்?

ஜப்பானில் பல ஊர்களில் மாலை ஐந்து மணி வாக்கில் தெரு ஒலிபெருக்கியில் ஒரு மெட்டு ஒலிக்கும். பேரிடர் எச்சரிக்கைக்காக வைத்தவை அவை. வேலை செய்கின்றனவா என்று சோதித்ததுமாயிற்று, விளையாடும் பிள்ளைகளுக்கு வீடு திரும்பும் நேரத்தைச் சொன்னதுமாயிற்று. யாரும் கத்தவில்லை, கையைப் பிடித்து இழுக்கவும் இல்லை. ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குவதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டுவதை அவர்கள் 'கெஜிமே' என்பார்கள். வீட்டில் அதைச் செய்ய, வீடியோ தொடங்கும் முன்பே சொல்ல வேண்டும்: "இந்தக் கதை முடிந்ததும் நீயே அணைத்துவிடு." பொத்தானை அழுத்துவது பிள்ளையின் விரலாகவே இருக்கட்டும். முக்கியமாக, அடுத்த வீடியோ தானாக ஓடும் வசதியை நிறுத்திவையுங்கள். முடிவே இல்லாத ஒன்றை எந்தப் பிள்ளையால் முடிக்க முடியும்?

போனுக்குப் பூட்டு போட்டுவிட்டு ஒதுங்கிவிடுவதும் தவறுதான். ஜப்பானிய வீடியோ கேம் நிறுவனமான நின்டெண்டோ 2017இல் தன் 'ஸ்விட்ச்' என்ற கேம் கருவிக்குப் பெற்றோருக்கான செயலி ஒன்றை வெளியிட்டது. அதன் ஜப்பானியப் பெயரில் 'மிமாமோரி' என்ற சொல் இருக்கிறது. கண்வைத்துக் கவனித்துக்கொள்வது என்று பொருள். நேரம் முடிந்தால் அலாரம் அடிக்கும். ஆட்டத்தையே நிறுத்தும் வசதியும் உண்டு, ஆனால் பெற்றோர் அதைத் தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். எனக்குப் பிடித்தது அந்த வரிசை: முதலில் நினைவூட்டல், தடை பிறகு. சின்னப் பிள்ளைகளுக்குச் செயலியெல்லாம் எதற்கு? பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து பார்த்தாலே போதும்.

நம் கையில் இருக்கும் போனை மறந்துவிடுவதுதான் பெரிய தவறு என்பேன். ஜப்பானியக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் ஒன்று 2004லேயே சொன்னது: இரண்டு வயது வரை டிவி, வீடியோ வேண்டாம், சாப்பிடும்போது டிவி வேண்டாம், பால் கொடுக்கும்போதும் வேண்டாம். பால் குடிக்கிற குழந்தை அம்மாவின் முகத்தைத்தானே பார்க்கும், அந்த முகம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால்? 2013இல் அதே சங்கம், ஸ்மார்ட்போனைக் குழந்தை பார்த்துக்கொள்ளும் ஆயாவாக்காதீர்கள் என்று சுவரொட்டியே போட்டது.

சரி, போன் போனபின் அந்த நேரத்தை எதால் நிரப்புவது? விலை உயர்ந்த பொம்மை தேவையில்லை. வீட்டு வேலையில் பிள்ளைகளும் கைகொடுப்பதை ஜப்பானியர்கள் 'ஒதெத்சுதாய்' என்கிறார்கள். காய்ந்த துணிக் குவியலைக் கொடுத்து, சாக்ஸ்களை ஜோடி சேர்க்கச் சொல்லுங்கள். சிவப்போடு நீலம் சேரும். திருத்தாதீர்கள், பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும்போதாவது.