இறக்கையைத் தொட்டால் உதைக்கும் பழ ஈ: கலவிக்கு முன்னும் பின்னும் அளப்பது எப்படி?

பழ ஈயின் இறக்கை ஓரத்தில் தொடு உணர் மயிர்கள் வரிசையாக உண்டு. அங்கே ஏதாவது பட்டால் பின்னங்காலை வீசி உதைக்கும். ஆண் பின்தொடரும்போது கன்னிப் பெண் ஈயின் உதை தளர்வதையும், கலவிக்குப் பின் அது கூடுவதையும் 2020இல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் வந்த ஆய்வு காட்டியது. தொடுவது எளிது, ஈக்களின் நிலையைச் சுத்தமாகப் பிரிப்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

1. கன்னி ஈக்கள். 25 டிகிரி செல்சியஸில், 12 மணி நேரம் வெளிச்சம், 12 மணி நேரம் இருட்டு. காலையில் வளர்ப்புக் குப்பியிலுள்ள வளர்ந்த ஈக்களை எல்லாம் அகற்றிவிட்டு, 8 மணி நேரத்துக்குள் கூட்டுப்புழுவிலிருந்து வெளிவரும் பெண்களை எடுங்கள். வெளிறிய உடலும் வயிற்றில் தெரியும் கரும்பொட்டும் நல்ல அடையாளம். குப்பிக்குப் பத்தாக 4 நாள் வையுங்கள். கன்னி ஈயும் முட்டையிடும் என்பதால் முட்டையைக் கண்டு பதற வேண்டாம். புழு தென்பட்டால் கலவி முடித்த ஈ கலந்துவிட்டது என்று பொருள், அந்தக் குப்பியே வேண்டாம். கார்பன் டை ஆக்சைடு மயக்கம் கொடுத்தால் 24 மணி நேரமாவது விட்டுத்தான் சோதனை. அன்று உறிஞ்சுகுழாயால் மட்டும் மாற்றுங்கள்.

2. நான்கு குழுக்கள். தனியாக இருக்கும் கன்னி, ஆணுடன் கன்னி, இன்னொரு கன்னியுடன் கன்னி, கலவி முடித்தது. மூன்றாவதை விட்டால், உதை குறைந்தது ஆணாலா, பக்கத்தில் வேறொரு ஈ இருந்ததாலா என்று சொல்ல முடியாது. கலவி வழக்கமாக 15 முதல் 20 நிமிடம் நீளும். பாதியில் பிரிந்த ஜோடிகளைத் தள்ளிவிடுங்கள். ஆணை அகற்றி மறுநாள் சோதியுங்கள். நான்கு குழுவுக்கும் ஒரே வயது இருக்கட்டும்.

3. தொடு இழை. 0.1 மில்லிமீட்டர் நைலான் மீன்பிடி நரம்பைக் குச்சி முனையில் ஒட்டுங்கள். நுண்தராசின் தட்டில் செங்குத்தாக அழுத்தி, இழை வளையும் கணத்தில் எடையைக் குறியுங்கள். 1 மில்லிகிராம் என்றால் ஏறக்குறைய 10 மைக்ரோநியூட்டன். நீளம் கூடினால் விசை குறையும். தனிக் கன்னி ஈக்கள் ஏறக்குறைய பாதித் தொடுதல்களுக்கு உதைக்கிற நீளத்தில் நிறுத்துங்கள். எல்லாத் தொடுதலுக்கும் உதைத்தால், கலவிக்குப் பின் கூடுவது தெரியவே தெரியாது.

4. தொடுதல். 1 சென்டிமீட்டர் அகல அறை. தரை கண்ணாடி, மேலே அரை மில்லிமீட்டர் கண்ணி வலை. இழையை வலை வழியே இறக்குங்கள், கீழிருந்து படமெடுங்கள். ஈ அசையாமல் நிற்கும்போது இறக்கை ஓரத்தை மட்டும் தொடுங்கள். வயிற்றில் பட்டால் அது கணக்கில் இல்லை. 30 விநாடி இடைவெளியில் ஐந்து முறை போதும், அவசரப்பட்டால் பழகிப்போய் உதைக்காது. ஆண் ஒற்றை இறக்கையை விரித்துப் பாடும் நேரம்தான் சரியான தருணம். ஏறிவிட்டால் காலம் கடந்தது.

5. எண்ணுதல். தொட்ட பக்கப் பின்னங்கால் இறக்கையை நோக்கிச் சட்டென வீசினால் உதை. நிதானமாக மீண்டும் மீண்டும் தேய்த்தால் அது சுத்தம் செய்துகொள்வது. எந்தக் குழு என்று தெரியாத ஒருவர் படத்தைப் பார்த்து எண்ணட்டும். குழுவுக்கு 30 ஈக்கள். ஐந்து தொடுதலுக்கும் சேர்த்து ஓர் ஈக்கு ஒரே மதிப்பெண். 150 தொடுதலை 150 ஈக்கள் போல நடத்தினால், இல்லாத வேறுபாடும் இருப்பதாகத் தெரியும்.