கீழ்க் கடைவாய்ப்பல் எக்ஸ்ரே: முதல் தடவையிலேயே சரியாக எடுக்க

வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆற்காடு பக்கம் பல் கிளினிக்குகளில் புதிதாகச் சேர்ந்த உதவியாளர்களுக்கான செய்முறை இது. டிஜிட்டல் சென்சாரில் (பிலிமுக்குப் பதில் வாய்க்குள் வைக்கும், வயர் உள்ள தகடு) ஒரு பல்லைப் படம் எடுக்கும்போது நோயாளி வாங்கும் கதிர்வீச்சு, நாம் எல்லோரும் இயற்கையாக ஒரு நாளில் வாங்குவதற்கு ஏறத்தாழ சமம். அவ்வளவு குறைவுதான். ஆனால் படம் கெட்டு மறுபடி எடுத்தால், முதலில் போன டோஸ் முழுக்க வீண். அதைத் தவிர்ப்பதுதான் உங்கள் வேலையின் பாதி.

படி 1: எடுக்கத்தான் வேண்டுமா?
டாக்டர் பார்த்து எழுதிக் கொடுக்காமல் எடுக்காதீர்கள். வைத்தியத்துக்காக வெளியூரிலிருந்து வேலூருக்கு வருகிறவர்கள் பையில் பழைய படங்களைக் கொண்டுவருவார்கள். கேட்டு வாங்கி டாக்டரிடம் காட்டுங்கள். அதுவே போதுமானதாக இருக்கலாம். கர்ப்பமா என்று கேளுங்கள். ஆம் என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாகத் திருப்பி அனுப்ப வேண்டாம். கருப்பைக்குப் போகும் கதிர்வீச்சு மிக மிக அற்பம். சீழ் வைத்த பல்லை அப்படியே விடுவதுதான் தாய்க்குக் கெடுதல்.

படி 2: தயார்ப்படுத்துதல்
மூக்குக்கண்ணாடி, கழற்றிப் போடும் பல்செட் இரண்டையும் எடுக்கச் சொல்லுங்கள். மேல் முன்பல் என்றால் மூக்குத்தியும் படத்தில் விழும். தலை சாயாமல், வாய் திறந்திருக்கும்போது கீழ்ப்பல் வரிசை தரைக்கு இணையாக இருக்க வேண்டும்.

லெட் ஏப்ரன் (கதிரைத் தடுக்கும் ஈய மேலங்கி) அவசியமா என்று பலர் கேட்கிறார்கள். கதிரை நன்றாகக் குறுக்கி அனுப்பினால் ஏப்ரனும் கழுத்துப் பட்டையும் வழக்கமாகத் தேவையில்லை என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2024-ல் சொன்னது. உங்கள் கிளினிக்கில் போடும் முறை இருந்தால் போடுங்கள். பட்டை கோனுக்கு (மெஷினில் கதிர் வெளியே வரும் குழாய்) குறுக்கே வராமல் பாருங்கள்.

படி 3: சென்சார் வைப்பது
அதிகம் தவறுவது இங்கேதான். பெரியவர்களுக்கு 2-ம் எண் சென்சார். புது உறை மாட்டி, ஹோல்டரில் (சென்சாரை வாய்க்குள் பிடித்து நிறுத்தும் பிடி) பொருத்தி, நாக்குக்கும் பல்லுக்கும் நடுவே சற்றுச் சாய்த்து இறக்குங்கள். முன் விளிம்பு இரண்டாம் முன்கடைவாய்ப்பல்லின் பாதியில் தொடங்க வேண்டும். வாயை அகலத் திறந்திருக்கும்போது நாக்கின் அடித்தசை விறைத்திருக்கும். அப்போது அழுத்தினால் வலிக்கும். நாக்கு சென்சாரை மேலே தள்ளிவிடும். வேர்நுனி படத்தில் இருக்காது. ஒருமுறை எச்சில் விழுங்கி, மெதுவாகக் கடிக்கச் சொல்லுங்கள். தசை தளரும், சென்சார் தானாக இறங்கும்.

ஓங்கரிப்பு வருகிறவர்களுக்கு நாக்கு நுனியில் ஒரு சிட்டிகை உப்பு வைத்து, மூக்கால் மூச்சு விடச் சொல்லுங்கள். எக்ஸ்ரே நேரத்தை முதலிலேயே மெஷினில் வைத்துவிட்டுத்தான் வாயில் சென்சாரை வைக்க வேண்டும்.

படி 4: கோன்
ஹோல்டரின் வளையத்தோடு கோனின் வாய் ஒட்டி நிற்கட்டும். ஹோல்டர் இல்லையென்றால் கீழ்க் கடைவாய்க்கு மைனஸ் 5 டிகிரி, அதாவது கோன் கீழிருந்து லேசாக மேல்நோக்க வேண்டும். மேல் கடைவாய்க்குப் பிளஸ் 20, அதாவது மேலிருந்து கீழ்நோக்க வேண்டும்.

படி 5: ஸ்விட்ச்
சென்சாரையோ பிலிமையோ நீங்கள் விரலால் பிடிக்கவே கூடாது. குழந்தைக்குத் துணை வேண்டுமென்றால் பெற்றோர் ஏப்ரன் போட்டுக்கொண்டு பிடிக்கலாம். சுவருக்குப் பின்னால் போங்கள். சுவர் இல்லையென்றால் குறைந்தது 2 மீட்டர் தள்ளி, கோனுக்குப் பக்கவாட்டில் சற்றுப் பின்வாங்கி நில்லுங்கள். கதிர் போகும் பாதையில் நிற்காதீர்கள். "ஆடாதீங்க" என்று சொல்லிவிட்டு அழுத்துங்கள். தெலுங்குக்காரர்களுக்கு "கதலகண்டி", உருது, இந்தி பேசுகிறவர்களுக்கு "ஹிலியே மத்". பீப் சத்தம் நிற்கும்வரை ஸ்விட்சை விடக் கூடாது. முன்னதாக விட்டால் படம் வெளுத்துவிடும்.

படம் கெட்டால்
பல் நீண்டு தெரிந்தால் கோனின் சாய்வு குறைவு, குறுகித் தெரிந்தால் அதிகம். பக்கத்துப் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் கோனை முன்னோ பின்னோ திருப்பிவிட்டீர்கள். இரண்டு பல்லுக்கு நடுவே சொத்தை இருந்தாலும் அதில் தெரியாது. ஓரத்தில் வளைந்த வெள்ளைப் பிறை விழுந்தால் கோன் சென்சாரை முழுதாக மூடவில்லை. காரணம் புரியாமல் மறுபடி எடுத்தால் அதே தவறுதான் வரும்.

பிலிம் கழுவுகிறவர்களுக்கு
டெவலப்பர் (பிலிமில் படத்தைத் தெரியவைக்கும் கரைசல்) 20 டிகிரி செல்சியஸில் 5 நிமிடம், 27 டிகிரியில் இரண்டரை நிமிடம். ஏப்ரல், மே மாத வேலூர் வெயிலில் கரைசல் இதையும் தாண்டிச் சூடாகும். படம் கறுத்து மங்கும். உடனே எக்ஸ்ரே நேரத்தைக் குறைக்கப் பார்க்காதீர்கள். கரைசல் தொட்டியை ஐஸ் தண்ணீர் வைத்த பேசினுக்குள் இறக்கி, தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள்.

வேலை முடிந்ததும் உறையைக் கழற்றிப் போட்டு, சென்சாரைத் துடைத்து வையுங்கள். வயரை இறுக்கிச் சுற்றினால் உள்ளே கம்பி அறுந்துவிடும். ஏப்ரனை மடிக்காமல் தொங்கவிடுங்கள். மடிப்பு விழுந்த இடத்தில் ஈயம் வெடித்துவிடும், வெளியே பார்த்தால் தெரியாது.