சின்ன போட்டோவைப் பெரிதாக்க எத்தனை டிபிஐ?

வீட்டில் மிஞ்சியிருப்பது ஒரே ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. அதை 8×10 இன்ச் ஃப்ரேமில் மாட்ட வேண்டும். ஸ்கேனர் மெனுவைத் திறந்தால் 75-இல் தொடங்கி 9600 வரை டிபிஐ எண்கள், அதாவது ஒரு இன்ச்சுக்கு எத்தனை புள்ளியாக ஸ்கேனர் படிக்க வேண்டும் என்ற கணக்கு. பெரிய எண்ணாகப் பார்த்து அழுத்துவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு.

கணக்கு சுலபம்தான். கையில் வைத்துப் பார்க்கும் பிரிண்டுக்கு இன்ச்சுக்கு 300 பிக்சல் இருந்தால் போதும். பிரிண்டின் அகலத்தை மூலப்படத்தின் அகலத்தால் வகுத்து 300-ஆல் பெருக்குங்கள். 4×6 படத்தை அதே அளவில் எடுக்க 300, 8×12 ஆக்க 600, 12×18 ஆக்க 900. பாஸ்போர்ட் சைஸின் அகலம் 3.5 செ.மீ., அதாவது 1.38 இன்ச். 8 இன்ச் ஆக வேண்டுமானால் 5.8 மடங்கு, கணக்குப்படி 1740 டிபிஐ.

ஆனால் பேப்பரில் அவ்வளவு சரக்கு இருக்காது. சாதாரண லேப் கலர் பிரிண்ட் 300-க்கு மேல் புதிதாக அதிகம் தராது. 600 வைத்தால் உள்ளது எல்லாம் வந்துவிடும். நெகட்டிவ்வைப் பேப்பர்மேல் வைத்து நேரடியாக எடுத்த பழைய கறுப்பு வெள்ளை கான்டாக்ட் பிரிண்டுக்கு மட்டும் 1200 வைத்துப் பார்க்கலாம்.

சந்தேகமா? படத்தில் கண்ணும் சட்டைப் பட்டனும் இருக்கும் இடத்தை மட்டும் தேர்ந்தெடுத்து 600-இல் ஒன்று, 1200-இல் ஒன்று ஸ்கேன் செய்யுங்கள். 600-ஐ இரண்டு மடங்கு பெரிதாக்கி இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். இமை முடி தனித்தனியாகப் பிரிகிறதா, சட்டைப் பட்டனின் ஓட்டை தெரிகிறதா என்று பாருங்கள். 1200-இல் பேப்பரின் சொரசொரப்பு மட்டும் பெரிதாகத் தெரிந்தால் 600-ஓடு நிறுத்திக்கொள்ளலாம். 1200-இல் கூடுதல் விவரம் தெரிந்து அதிலேயே எடுத்தால் பாஸ்போர்ட் படம் சுமார் 1650×2120 பிக்சல். 8 இன்ச்சில் இன்ச்சுக்கு 200-க்குச் சற்று மேல். சுவரில் மாட்டிப் பார்க்க அது தாராளம்.

வீண் டிபிஐக்கு விலையும் உண்டு. 8×10 படம் 600-இல் 24 பிட் கலரில் (வழக்கமான கலர் அமைப்பு), சுருக்காமல் சேமித்தால் சுமார் 86 எம்பி. 1200-இல் நான்கு மடங்கு, 345 எம்பி. ஸ்கேனர் பெட்டியில் 'இன்டர்பொலேட்டட்' என்று போட்டிருக்கும் எண்ணைக் கண்டுகொள்ளாதீர்கள். அது சாஃப்ட்வேர் இட்டுக்கட்டும் பிக்சல். ஸ்கேனர் உண்மையிலேயே படிக்கும் 'ஆப்டிகல்' எண் 2400×4800 என்று இருந்தால் சின்ன எண்தான் சென்சாருடையது.

நெகட்டிவ் கிடைத்தால் பிரிண்டைத் தொடவே வேண்டாம். 35 மி.மீ. ஃபிலிமின் ஃப்ரேம் 24×36 மி.மீ.தான், 8×12 பிரிண்டுக்கு 2540 டிபிஐ வேண்டும், ஃபிலிமில் அதற்கான விவரமும் இருக்கும். மேல்மூடியில் விளக்கு உள்ள ஸ்கேனர் தேவை. தூசி நீக்கும் இன்ஃப்ராரெட் வசதியைக் கறுப்பு வெள்ளை நெகட்டிவ்வுக்கு அணைத்துவிடுங்கள். அதிலுள்ள வெள்ளித் துகள் இன்ஃப்ராரெட்டை மறைப்பதால் படத்தையே தூசி என்று நினைத்து அழித்துவிடும்.

டிபிஐ சரியாக இருந்தும் படம் மங்குகிறதா? கேனான் லைடு போன்ற மெல்லிய ஸ்கேனர்களில் ஃபோகஸ் கண்ணாடியை ஒட்டியே இருக்கும். மூலை சுருண்ட படத்தில் அந்த மூலை மட்டும் கலங்கும். கனமான புத்தகங்களுக்கு அடியில் இரண்டு நாள் வைத்துவிட்டு ஸ்கேன் செய்யுங்கள். ஃப்ரேம் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தை உரிக்காதீர்கள், முகம் கண்ணாடியோடு போய்விடும். அதைக் கண்ணாடியோடு கேமராவில் எடுப்பதே நல்லது. சின்னச் சின்ன மேடுகள் உள்ள சில்க் ஃபினிஷ் பேப்பரில் புள்ளிப்புள்ளியாக வெள்ளை மின்னினால், ஒரு முறை நேராகவும் ஒரு முறை தலைகீழாகவும் ஸ்கேன் செய்து, இரண்டாவதைத் திருப்பி முதலின்மேல் 50 சதவீத ஒபாசிட்டியில், அதாவது அடியில் உள்ளது பாதி தெரியும்படி, எடிட்டிங் சாஃப்ட்வேரில் வையுங்கள். அந்த மினுமினுப்பு ஓரளவு அடங்கும்.

ஸ்கேனரின் ஷார்ப்பனிங் (விளிம்புகளைக் கூர்மையாக்குவது), ஆட்டோ கலர் இரண்டையும் அணைத்து, தரம் குறையாத டிஃப் (TIFF) ஃபைலாகச் சேமியுங்கள். ஷார்ப்பனிங் எல்லாம் கடைசி அளவுக்கு மாற்றிய பிறகுதான். பெரிய பிரிண்டுக்குக் காசு கட்டும் முன், 8×10 ஃபைலிலிருந்து முகத்தை மட்டும் 4×6 அளவுக்கு வெட்டி, அளவை மாற்றாமல் ஒரு பிரிண்ட் போட்டுப் பாருங்கள். ஃப்ரேமில் முகம் எப்படித் தெரியப்போகிறதோ, அதே பெரிதில் கையில் இருக்கும்.