இரண்டு பகடை, ஒரு விண்கலம்: டிராவலர் ஆடத் தொடங்குவோருக்கு

சங்ககிரிப் பக்கம் லாரி வைத்திருப்பவர்களைக் கேளுங்கள்: லோடு கிடைத்தால்தான் தவணை கட்ட முடியும். உட்கார்ந்தபடி ஆளுக்கொரு பாத்திரமாகிக் கதை சொல்லி ஆடும் டிராவலர் விளையாட்டில் பலர் படும் பாடும் இதேதான், லாரிக்குப் பதில் விண்கலம். விலையில் 240-இல் ஒரு பங்கை மாதாமாதம் 40 வருடம் கட்ட வேண்டும்! மார்க் மில்லர் உருவாக்கி 1977-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆட்டம் இது. நான் சேலத்தில் சித்தி வீட்டு மொட்டை மாடியில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் விதத்தை, மங்கூஸ் நிறுவனம் வெளியிடும் இப்போதைய பதிப்பின் விதிப்படி எழுதுகிறேன்.

லுடோ பெட்டியில் இருக்கும் ஆறுமுகப் பகடை இரண்டு, பேப்பர், பென்சில் போதும். ஜமுக்காளத்தில் உருட்டாதீர்கள். மடிப்பில் பகடை சாய்ந்து நிற்கும், சண்டை வரும். பரீட்சை அட்டைதான் சரி. ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம்.

முதலில் பாத்திரத்தின் பலம், லாவகம், தாக்குப்பிடிக்கும் சக்தி, அறிவு, படிப்பு, அந்தஸ்து ஆறுக்கும் இரண்டிரண்டு பகடை உருட்டிக் குறியுங்கள். 6 முதல் 8 வரை சாதாரணம். 9 முதல் 11 என்றால் +1, 12 என்றால் +2. 3 முதல் 5 என்றால் −1, 2 என்றால் −2.

அப்புறம் பாத்திரம் முன்பு என்ன வேலை பார்த்தது என்று நான்கு நான்கு வருடமாக உருட்டிப் பார்க்க வேண்டும். திறமைகள் அதில்தான் கிடைக்கும். 1977 பதிப்பில் கதை தொடங்கும் முன்பே பாத்திரம் செத்தும் போகலாம்.

இனிதான் உயிர்நாடி. ஒரு காரியம் பலிக்குமா என்று சந்தேகம் வந்தால் இரண்டு பகடையையும் உருட்டிக் கூட்டுங்கள், அந்தக் காரியத்துக்கு உதவும் லாவகம், அறிவு போன்றதற்கான +1, −1-ஐயும் திறமையின் எண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 8 அல்லது அதற்கு மேல் வந்தால் பலித்தது. மொத்தம் 36 விதமாக விழலாம், அதில் 15 விதம் உங்கள் பக்கம். +1 இருந்தால் 21, +2 இருந்தால் 26. திறமையே இல்லாதவருக்கு −3, அதனால் 11 வேண்டும். வெறும் 3 விதம்தான்! தாயக்கட்டையில் தாயம் விழக்கூட 16-இல் 2 வாய்ப்பு உண்டு. ஒரே ஒரு புள்ளி இவ்வளவு புரட்டிப்போடுவதால், கதை நடத்துபவர் +1-ஐ வாரி வழங்கக் கூடாது. ஆட்டமே சப்பென்று ஆகிவிடும்.

காரியம் சுலபம் என்றால் இலக்கு 4, கடினம் என்றால் 10.

போன ஞாயிறு சித்தி மகள், ஏற்காட்டுக் காபிக்கொட்டை ஏற்றப் போகும் கலத்தைச் சேர்வராயன் உச்சியில் மூடுபனியில் இறக்கினாள். இரண்டு பகடையிலும் மூன்று விழுந்தது.

“ஆறுதாண்ணா. போச்சா?”

“லாவகம் 9, அதுக்கு ஒண்ணு. ஓட்டுற திறமை ஒண்ணு. கூட்டு.”

சரியாக 8. இலக்குக்கு மேல் எத்தனை என்பதும் முக்கியம். பூச்சியம் என்றால் மயிரிழையில் தப்பியது என்று அர்த்தம். அதனால் கலம் இறங்கியது, ஆனால் ஒரு கால் பாறையில் உரசி வளைந்தது என்றேன். கொஞ்ச நேரம் பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தவள், ரிப்பேர் செலவைத் தவணைக்குக் கீழே எழுதிவிட்டு, “அடுத்த லோடு எங்கண்ணா கிடைக்கும்?” என்று கேட்டாள்.