மோட்டர் ஓடுது, தண்ணி நூலாக வருது: கிணற்றுப் பம்மில் எங்கே பார்ப்பது?

போன ஆவணியில் எங்கள் வீட்டு 1000 லீற்றர் தாங்கி நிறைய ஒன்றரை மணித்தியாலம் எடுக்கத் தொடங்கியது. முன்பெல்லாம் அரை மணித்தியாலம் போதும். பார்க்க வந்தவர் பம் போய்விட்டது, புதிது வாங்குங்கள் என்றார். வாங்கவில்லை. தேடித் தேடிப் பார்த்ததில் பிழை ஒரு றப்பர் வாசரில் இருந்தது. கிளிநொச்சிப் பக்கம் கோடை வந்தால் பாதி வீடுகளில் இதே கதை என்பதால் நான் பார்த்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

1. அளந்து வையுங்கள்

தாங்கி வாயில் 20 லீற்றர் வாளியைப் பிடித்து நேரம் பாருங்கள். நல்ல நாளில் எங்களுக்கு 36 செக்கன். பழுதான நாளில் 1 நிமிடம் 48 செக்கன். ஒவ்வொன்றைச் செய்த பிறகும் திரும்ப அளந்தால்தான் எது பலன் தந்தது என்று தெரியும்.

பம்முக்குப் பக்கத்தில் ஒரு பைப் இருந்தால் அதையும் திறந்து பாருங்கள். அங்கே பாய்ந்து வந்தால் அடைப்பு மேலே போகும் வழியில், பெரும்பாலும் மிதவை வால்வில். அங்கேயும் நூலாக வந்தால் பம்மிலோ கிணற்றுப் பக்கத்திலோ பிழை.

2. கிணறு எவ்வளவு இறங்கியிருக்கிறது?

கயிற்றில் கல்லைக் கட்டி, பம் இருக்கும் மட்டத்திலிருந்து தண்ணி மட்டம் வரை அளவுங்கள். மேலே வைத்த சாதாரண பம் 24, 25 அடிக்கு மேல் இழுக்கத் திணறும். கணக்குக்கு 33 அடி வரை ஏற வேண்டும், ஆனால் பைப்பின் உராய்விலும் வளைவுகளிலும் மிச்சம் போய்விடும். இரணைமடு வாய்க்கால் ஓரத்து ஊர்களில் சிறுபோகத்துக்குத் தண்ணி திறந்தால் கிணறும் ஏறும். வாய்க்காலுக்குத் தூரத்தில் இருப்பவர்களுக்குப் புரட்டாதிதான் மோசமான மாதம்.

3. புட்வால்வ்

கிணற்றுக்குள் இறங்கும் பைப்பின் அடி நுனியில், ஏறிய தண்ணியைத் திரும்ப இறங்க விடாத வால்வ் இது. பைப்பை வெளியே இழுத்து அதன் சல்லடையைப் பாருங்கள். பாசி, வேர், சேறு எதுவும் இருக்கலாம். கழுவியபின் பைப்பை நிமிர்த்தி மேலிருந்து தண்ணி நிரப்புங்கள். பத்து நிமிடத்தில் மட்டம் இறங்கினால் வால்வ் மூடவில்லை. வாங்குவதானால் பித்தளையிலேயே வாங்குங்கள். பிளாஸ்டிக் வால்வின் ஸ்பிரிங் எனக்கு இரண்டு கோடை தாங்கவில்லை. திரும்ப இறக்கும்போது அடியிலிருந்து இரண்டு அடியாவது உயர்த்தி விடுங்கள்.

4. காற்று இழுக்கும் இடம்

இரண்டு நாள் நான் ஈரம் தேடினேன். எங்கும் ஒரு பொட்டு ஈரமில்லை. அதனால் பொருத்தெல்லாம் சரி என்று நினைத்துவிட்டேன். நினைத்தது பிழை. கிணற்றிலிருந்து பம் வரைக்கும் உள்ள பைப்பில் தண்ணி வெளியே ஒழுகாது. உள்ளே அமுக்கம் குறைவு, வெளிக்காற்றுத்தான் உள்ளே போகும். பம்முக்குப் பிறகுள்ள பைப்பில் வெடிப்பு இருந்தால் சொட்டிக் காட்டிக்கொடுக்கும். இந்தப் பக்கம் காட்டிக்கொடுக்காது.

அடையாளம் வேறு. தாங்கியில் விழும் தண்ணி பால் போல வெளுத்து, விக்கி விக்கி விழும். பம்முக்குள் சிறுகல் உருளுவது போலச் சத்தம் கேட்கும்.

கண்டுபிடிக்கச் சவர்க்காரம் போதும். மோட்டரை நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, தடித்த நுரையைப் பொருத்துகளைச் சுற்றிப் பூசுங்கள். கையைத் துடைத்துவிட்டு மோட்டரைப் போடுங்கள். எங்கள் பம் வாயில் இருந்த யூனியனில் (பைப்பைக் கழற்றிப் பூட்டும் பொருத்து) நுரை மெல்லக் குழிந்து, ஊசிக்கண் அளவு ஓட்டை விழுந்து, உள்ளே போய்விட்டது. கழற்றினால் வாசர் ஒரு பக்கம் தட்டையாகி, மயிரளவு வெடித்திருந்தது. வெய்யில் படும் பக்கம் அது.

வாசரை மாற்றினேன். மரை உள்ள இடங்களில் திரெட் ரேப்பை எட்டுப் பத்துச் சுற்று, பூட்டும் திசையிலேயே சுற்றினேன். எதிர்த்திசையில் சுற்றினால் பூட்டும்போது கழன்றுவிடும். 38 செக்கன் வந்தது.

5. இன்னும் குறைவென்றால்

பம்மைத் திறந்து, உள்ளே சுழன்று தண்ணியைத் தள்ளும் இம்பெல்லரைப் பாருங்கள். கல்லுத்தண்ணி என்றால் வெள்ளையாகப் படிந்திருக்கும், வினாகிரியில் ஊறப்போட்டால் விடும். பின்னேரம் மட்டும் பலம் குறைந்தால் கரண்டைச் சந்தேகியுங்கள். 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 180 வந்தால் மோட்டர் சூடாகுமே தவிர சரியாக இறைக்காது.

பின்சேர்க்கை

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருந்தார்: புது வாசருக்கு வாகனக் கிறீஸ் பூசியதில் ஒரு மாதத்தில் வாசர் ஊதிப்போயிற்றாம். எண்ணெய்க் கிறீஸ் றப்பருக்கு ஆகாது. சிலிக்கன் கிறீஸ் பூசுங்கள், இல்லாவிட்டால் தண்ணியில் நனைத்துப் போடுங்கள்.

இன்னொருவர், கிணறு 30 அடிக்கு இறங்கிவிட்டது, மண்ணெண்ணெய் மிசினைக் கிணற்றுக்குள் தட்டுக் கட்டி இறக்கலாமா என்று கேட்டிருந்தார். தயவுசெய்து இறக்காதீர்கள். புகையில் உள்ள காபன் மொனொக்சைட் கிணற்றுக்குள் தேங்கும். மணமில்லை, மயக்கம் வந்த பிறகுதான் தெரியும். காப்பாற்ற இறங்குகிறவரும் மேலே வரமாட்டார். அந்த ஆழத்துக்குத் தண்ணிக்குள் போடும் மின்பம்தான் சரி. அதற்கும், மின் ஒழுக்கு வந்தால் கரண்டை வெட்டும் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று பட்டனை அமத்திப் பார்த்துவிட்டே இறக்குங்கள்.