ராசா, பத்தாங்காலி பக்கமிருந்து கே.எல். போக: முதல் தடவை கோமுட்டர் ஏறுபவர்களுக்கு

தோட்டத்தை விட்டு தாமான் குடியிருப்புக்கு வந்து பல வருஷம் ஆகியும், கோலாலம்பூர் (கே.எல்.) என்றால் மகனின் காருக்கோ பஸ்ஸுக்கோ காத்திருக்கும் ஆட்கள் உலு சிலாங்கூரில் நிறைய. கோமுட்டர் என்ற மின்சாரப் பயணிகள் ரயில் 1995லிருந்து ஓடுகிறது. ரவாங்குக்கு வடக்கே இரட்டைத் தண்டவாளமும் மின்கம்பியும் போட்ட பிறகு 2007ல் ராசாவரை நீண்டது, 2009ல் தஞ்சோங் மாலிமைத் தொட்டது. செரண்டா, பத்தாங்காலி, ராசா, கோலகுபு பாரு எல்லாமே இந்தப் பாதையில்தான் வரும்.

ரயில் ஏறுவது சுலபம். சிக்கல் எல்லாம் வீட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவே இருக்கும் தூரத்தில்தான். அதனால் மற்றவர்கள் கடைசியில் சொல்வதை நான் முதலில் சொல்கிறேன்.

1. திரும்பி வரும் ரயிலை முதலில் பாருங்கள்

ரயில் நிறுவனமான கேடிஎம்பியின் இணையத்தளத்தில் தஞ்சோங் மாலிம் – பெலாபுஹான் கிள்ளான் தடத்தின் கால அட்டவணை இருக்கும். வேலை நாளுக்கு ஒன்று, சனி ஞாயிறு பொது விடுமுறைக்கு ஒன்று என்று தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். சனிக்கிழமை போகிறவர் திங்கட்கிழமை அட்டவணையைப் பார்த்துவிட்டுப் போனால் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து கொட்டாவி விட வேண்டியதுதான்.

அட்டவணையைப் படிக்கும்போது உங்கள் ஸ்டேஷன் பெயரில் விரலை வைத்து அந்த வரிசையை மட்டும் பாருங்கள். கட்டம் காலியாக இருந்தால் அந்த ரயில் உங்கள் ஊருக்கு வராது. வடக்கே போகிற எல்லா வண்டியும் கடைசிவரை போகும் என்று நினைக்க வேண்டாம். ரவாங்கைத் தாண்டிவிட்டால் நகரத்தில் வருகிற மாதிரி அடிக்கடி ரயில் வராது. ஒன்றை விட்டால் அடுத்ததற்கு நல்ல நேரம் காத்திருக்க வேண்டும். சாயங்காலம் எந்த வண்டியில் திரும்புவது, அதை விட்டால் அடுத்தது எத்தனை மணிக்கு, அன்றைய கடைசி வண்டி எது என்று மூன்றையும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

2. ஸ்டேஷனுக்கு எப்படிப் போவீர்கள்?

ஸ்டேஷனுக்கு ஊர்ப் பெயர் இருப்பதால் அது ஊருக்குள்ளேயே இருக்கும் என்று சொல்ல முடியாது. கோலகுபு பாருவில் பட்டணம் ஒரு பக்கம், ஸ்டேஷன் ஒரு பக்கம். கெர்லிங், கலும்பாங்கில் கோமுட்டர் நிற்பதே இல்லை. அங்கே இருப்பவர்கள் கோலகுபு பாருவுக்கோ தஞ்சோங் மாலிமுக்கோ வந்துதான் ஏற வேண்டும்.

காலையில் கிராப் வாடகைக் கார் கிடைத்துவிட்டது என்று ராத்திரிக்கும் அதையே நம்பாதீர்கள். சின்ன ஊரில் இருட்டிய பிறகு கைப்பேசித் திரை சுற்றிக்கொண்டே இருக்கும், கார் வராது. மோட்டார் சைக்கிளை ஸ்டேஷனிலேயே பூட்டிவிட்டுப் போகலாம். இல்லையென்றால் கூட்டிப்போக வருகிறவரிடம் நேரத்தைக் காலையிலேயே சொல்லிவையுங்கள். வயதானவர் தனியாகப் போனால் இந்த ஏற்பாடு இல்லாமல் அனுப்பவே கூடாது என்பது என் கட்சி.

3. கார்டு

டச் அண்ட் கோ கார்டு போதும். டோல் கட்டுகிற அதே கார்டுதான். ஆளுக்கு ஒன்று வேண்டும், ஒரே கார்டைத் தட்டி இரண்டு பேர் போக முடியாது. சின்ன ஸ்டேஷனில் காசு ஏற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிடாமல் முதல் நாளே ஏற்றிவிடுங்கள். உள்ளே போகும்போது தட்டினால் வெளியே வரும்போதும் தட்டியாக வேண்டும். மாத்திரைப் பையோடு, பேரப் பிள்ளையோடு, அவசரத்தில் பலர் மறப்பது இந்த இரண்டாவது தட்டலைத்தான்.

பிள்ளைகள் வைத்திருக்கும் மை50 பாஸைக் கொண்டு போய் நீட்டாதீர்கள். அது ரேபிட் கே.எல். பஸ், எல்.ஆர்.டி., எம்.ஆர்.டி., மோனோரெயிலுக்கு உரியது, கோமுட்டரில் செல்லாது. மூத்த குடிமக்களுக்குச் சலுகைக் கட்டணம் உண்டு. மைகார்டு அடையாள அட்டையை எடுத்துப்போய் கவுண்டரில் கேளுங்கள்.

4. எந்தப் பக்கம், எந்த வண்டி?

கே.எல். போக, முகப்பில் பெலாபுஹான் கிள்ளான் என்று எழுதிய வண்டி. பிளாட்பாரம் மாறிவிட்டால் மேம்பாலம் ஏறி இறங்க வேண்டும். முழங்கால் வலிக்காரர்கள் லிப்ட் வேலை செய்கிறதா என்று வந்தவுடனே பார்த்துவிடுங்கள். கீழே தண்டவாளத்தைக் குறுக்கே தாண்டுகிற பழைய தோட்டத்துப் பழக்கம் இங்கே வேண்டவே வேண்டாம். மேலே ஓடுவது 25,000 வோல்ட் கம்பி. அதே தண்டவாளத்தில்தான் இ.டி.எஸ். என்ற நெடுந்தூர விரைவு ரயிலும் பறக்கும்.

அந்த இ.டி.எஸ். சில ஸ்டேஷன்களில் நிற்கும். கதவு திறந்திருக்கிறது என்று ஏறிவிடாதீர்கள். அதற்குத் தனி டிக்கெட், இருக்கை எண்ணெல்லாம் உண்டு.

நடுப்பகுதியில் இளஞ்சிவப்பு அடையாளம் போட்ட பெட்டி பெண்களுக்கு மட்டும். 2010ல் வந்த ஏற்பாடு. தம்பதியாகப் போகிறவர்கள் வேறு பெட்டியில் ஏறுங்கள், ஐயாவை எழுப்பி அனுப்பிவிடுவார்கள். குளிர்சாதனம் பல்லைத் தட்டவைக்கும், ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். கழிப்பறைக்கு ஸ்டேஷனிலேயே போய்விட்டு ஏறுவது நல்லது.

5. எங்கே இறங்குவது?

இதில்தான் பாதி பேர் வீணாக அலைகிறார்கள். எல்லாவற்றுக்கும் கே.எல். சென்ட்ரலில் இறங்க வேண்டியதில்லை. வடக்கேயிருந்து வரும் வண்டி முதலில் புத்ரா, அடுத்து பேங்க் நெகாரா, அடுத்து பழைய கோலாலம்பூர் ஸ்டேஷன், அதற்கப்புறம்தான் கே.எல். சென்ட்ரல் வரும்.

மஸ்ஜிட் இந்தியாவில் சேலை எடுக்க வேண்டுமா? பேங்க் நெகாராவில் இறங்கி நடந்தே போகலாம். துன் எச்.எஸ். லீ சாலை மகா மாரியம்மன் கோயிலுக்கும் பாசார் செனிக்கும் பழைய கோலாலம்பூர் ஸ்டேஷன் பக்கம். பிரிக்பீல்ட்ஸுக்கும், எல்.ஆர்.டி., மோனோரெயில் மாறுவதற்கும்தான் கே.எல். சென்ட்ரல். கிள்ளான் தெங்கு கிளானா சாலைக்குப் போகிறவர்கள் இறங்கவே வேண்டாம், அதே வண்டியில் கிள்ளான்வரை உட்கார்ந்திருங்கள்.

பத்துமலைக்கு வேறு தடம். அந்த வண்டியும் நம் வண்டியும் சந்திக்கும் முதல் இடம் புத்ரா. அங்கேயே இறங்கி, எதிர்ப் பிளாட்பாரத்துக்குப் போய், பத்துமலை வண்டி ஏறினால் சென்ட்ரல்வரை போய்த் திரும்பும் நேரம் மிச்சம். தைப்பூசத்துக்குக் கூடுதல் ரயில் விடுவார்கள், அப்போது வழக்கமான அட்டவணையை நம்ப வேண்டாம்.

6. திரும்பும்போது

கே.எல். சென்ட்ரலில் பத்துமலை வண்டியும் தஞ்சோங் மாலிம் வண்டியும் வரும். கூட்டம் ஏறுகிறது என்று பின்னாலேயே ஏறாமல் முகப்பில் எழுதியிருப்பதைப் படியுங்கள். தப்பான வண்டியில் ஏறிவிட்டது தெரிந்தால் பதற வேண்டாம், புத்ராவரை இரண்டுக்கும் ஒரே பாதைதான். அங்கே இறங்கி, கேட்டை விட்டு வெளியே போகாமல், தஞ்சோங் மாலிம் வண்டிக்கு நில்லுங்கள். புத்ராவைத் தாண்டி செந்தூல் வந்துவிட்டால் மட்டும் எதிர்ப் பக்கம் ஏறி புத்ராவுக்குத் திரும்பி வரவேண்டும்.

வேலை விட்டு வருகிற நேரத்தில் சுங்கை பூலோ, ரவாங்வரை நிற்கத்தான் இடம் கிடைக்கும், அதற்கப்புறம் பெட்டி காலியாகிவிடும். ரவாங் தாண்டியதும் கூட்டிப்போக வருகிறவருக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள்.