பண்ட்லர் செருகுநிரலைப் பராமரித்து வெளியிடும் முறை

ரூபி நிரல்மொழியில் நூலகங்களை நிறுவி நிர்வகிக்கும் கருவியான பண்ட்லருக்கு எழுதப்படும் செருகுநிரலும் ஒரு ஜெம்தான், அதாவது ரூபி நூலகப் பொதிதான். ஆனால் அது பயனரின் நிரலோடு அல்லாமல் பண்ட்லரோடு சேர்ந்து இயங்குவதால், அதில் உள்ள சிறு பிழையும் நிறுவும் வேலையையே நிறுத்திவிடக்கூடும். ஆகவே சார்பு நூலகங்களை இயன்றவரை தவிர்த்து, பண்ட்லரின் உள்வகுப்புகளில் கை வைக்காமல், செருகுநிரல்களுக்கென்றே அது திறந்து வைத்துள்ள கட்டளை, ஹுக் (குறிப்பிட்ட கட்டத்தில் தானாக இயங்கும் நிரல்), மூலம் (ஜெம்களைப் பெறும் இடம்) ஆகிய மூன்று வழிகளோடு நின்றுகொள்வது நல்லது.

ரூபியின் புதிய பதிப்பு வழக்கமாக டிசம்பர் 25 அன்று வெளிவருகிறது, 2.6 பதிப்பு முதல் பண்ட்லரும் அதனுடன் சேர்ந்தே வருகிறது. எனவே ஜெம்மின் விவரக் கோப்பான ஜெம்ஸ்பெக்கில் நீங்கள் அறிவித்துள்ள மிகப் பழைய ரூபியிலும், வரவிருக்கும் பதிப்பின் முன்னோட்டத்திலும் சோதனைகளைத் தானாக ஓடவிடுங்கள். சோதித்துப் பாராத பழைய பதிப்புக்கு ஆதரவு உண்டு என்று எழுதி வைப்பதைவிட, அதை வெளிப்படையாகக் கைவிடுவதே நேர்மை என்பது என் கருத்து.

வெளியீட்டில் அதிகம் தவறுவது கோப்புப் பட்டியலில்தான். பண்ட்லர் தேடும் 'பிளகின்ஸ்.ஆர்பி' கோப்பு லிப் அடைவுக்குள் அல்ல, ஜெம்மின் வேர் அடைவில் இருக்க வேண்டும். ஜெம்ஸ்பெக் லிப் அடைவை மட்டும் பொதிந்தாலோ, நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவியின் பட்டியலிலிருந்து கோப்புகளை எடுக்கும்போது அந்தக் கோப்பை நீங்கள் கிட்டில் சேர்க்க மறந்திருந்தாலோ, சோதனைகள் அனைத்தும் தேறியும் பயனரிடம் நிறுவல் தோற்கும். ஆகையால் 'ஜெம் பில்ட்' கட்டளையால் உருவான கோப்பை 'ஜெம் அன்பேக்' மூலம் பிரித்துப் பார்த்த பிறகே மேலே செல்லுங்கள்.

பதிப்பு எண்ணை உயர்த்தி, மாற்றக் குறிப்பை எழுதி, கிட்டில் கமிட் செய்தபின் (பதிந்தபின்) 'ரேக் ரிலீஸ்' கட்டளையை இயக்கினால், அது ஜெம்மை உருவாக்கி, டேக் (பதிப்பு அடையாளக் குறி) இட்டு, களஞ்சியத்துக்கு அனுப்பி, ரூபிஜெம்ஸ் தளத்தில் பதிவேற்றும்; கமிட் ஆகாத மாற்றம் இருந்தால் வெளியிட மறுக்கும். உடன்பராமரிப்பாளர்கள் இருந்தால், ஜெம்ஸ்பெக்கின் மெட்டாடேட்டாவில் இரட்டை அடையாளச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்குங்கள். வேலைகளைத் தானாக ஓடவிடும் சேவையான கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் வழியாக வெளியிடுவோர், 2023 முதல் கிடைக்கும் நம்பகப் பதிப்பீட்டு வசதியைப் பயன்படுத்தினால், நீண்ட நாள் செல்லுபடியாகும் திறவுகோலை எங்கும் சேமிக்கத் தேவையில்லை.

பெரிய மாற்றங்களை முதலில் '2.0.0.பீட்டா1' போன்ற முன்பதிப்பாக விடுங்கள். கேட்டு வாங்குவோருக்கு மட்டுமே அது போய்ச் சேரும். பிழையான பதிப்பை 'ஜெம் யாங்க்' கட்டளையால் விலக்கலாம் என்றாலும், அதே எண்ணில் வேறொன்றை மீண்டும் ஏற்ற முடியாது. ஆதலால் திருத்தத்தை அடுத்த எண்ணில் முதலில் வெளியிட்டுவிட்டு, அதன் பிறகு பழையதை விலக்குங்கள்.